பிரதி இருக்கட்டும்

பிரிட்ஜில் ஐந்து பாக்கெட் வெண்ணெய். ஒன்றைக்கூட யாரும் பிரிக்கவில்லை.

இந்த வீட்டுக் கதையை வாரா வாரம் படிப்பவர்களுக்கு வெண்ணெய் புதிதல்ல. மாமாதான் வாங்கி வந்து அடுக்குகிறார். யாரும் கேட்பதில்லை, அவரும் சொல்வதில்லை. இன்றுதான் வந்து உட்கார்ந்தவர்கள் இருந்தால், நாலு வரியில் சொல்லிவிடலாம்.

கீழே கடை, மேலே வீடு. கடையில் கோப்பை, கேடயம், பதக்கம். யார் ஜெயித்தாலும் அவர் பெயரைப் பொறித்துக் கொடுப்பது தொழில். கடையைத் தொடங்கியவர் மாமா. அவருடைய மூத்த மகளைக் கட்டியவன் மாப்பிள்ளை. அவளை வீட்டில் பெரியவள் என்பார்கள். பெரியவள் போய் ஏழு மாதம். காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனாள், திரும்பவில்லை. மாமனாரும் மருமகனும் மட்டும் அதே வீட்டில், அதே கடையில், பழைய இடத்திலேயே நின்றுவிட்டார்கள். மாப்பிள்ளைக்கு வேறு எங்கே போவது என்று தெரியவில்லை. மாமா போகச் சொல்லவில்லை. அவ்வளவுதான் ஏற்பாடு.

இரண்டாவது மகள் குட்டி. கல்யாணமாகி இரண்டு தெரு தள்ளி இருக்கிறாள். மருந்துக்கடையில் வேலை. நிலைப்படியில் குனிந்துதான் நுழைய வேண்டும், அவ்வளவு உயரம். இருந்தாலும் குட்டிதான்.

வெண்ணெயை முதலில் கவனித்தவள் குட்டி. பிறகு மற்றவையும் கண்ணில் பட்டன. நன்றாக எரிந்துகொண்டிருந்த மாடிப்படி பல்பை மாமா மாற்றினார். கம்பி ஒடியாத குடையைக் கொண்டுபோய் ரிப்பேருக்குக் கொடுத்தார். கடைக்காரர் விரித்துப் பார்த்து, மடக்கித் திருப்பித் தந்துவிட்டார். சுத்தமாக இருந்த தண்ணீர்த் தொட்டியை ஆள் வைத்துக் கழுவினார்.

"அப்பாவுக்கு மறதி ஆரம்பிச்சுடுச்சு அத்தான்," என்றாள் குட்டி. "செஞ்சதையே செய்யிறார். நான் தினமும் இந்த மாதிரி பார்க்கிறேன். மாத்திரை வாங்கிட்டுப் போயி, சாயங்காலம் அதையே மறுபடி வாங்க வருவாங்க."

மாப்பிள்ளை எதிர்த்துப் பேசவில்லை. வெண்ணெய் அதிகம் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. சில மாதங்களாக எதுவும் அதிகம் என்றோ குறைவு என்றோ தோன்றுவதில்லை.

குட்டி டாக்டரிடம் நேரம் வாங்கிவிட்டாள். இன்று மாலை. மாமாவிடம், "சும்மா ஒரு செக்கப்" என்று சொல்லியிருந்தாள்.

இன்று காலை மாமா சாப்பாட்டு மேஜையில் போனோடு உட்கார்ந்திருந்தார். தினமும் உட்காருகிற இடம்தான். வழக்கமாக ஐந்து நிமிஷம் பார்ப்பார், போனைப் பையில் போடுவார், செருப்பை மாட்டுவார், ஏதோ அவசர வேலை காத்திருக்கிறதுபோல் கிளம்பிவிடுவார். இன்று செருப்பு காலடியில் இருந்தது. கால் அதற்குள் போகவில்லை.

"மாப்பிள்ளை, நெட் வரலையா?"

"வருதே மாமா."

"ஓ."

மறுபடி திரையை விரலால் இழுத்துப் பார்த்தார். அணைத்துப் போட்டார். கண்ணாடியைத் துடைத்தார்.

"என்ன மாமா?"

"ஒண்ணுமில்ல."

ஒன்றுமில்லை என்று இந்த வீட்டில் யார் சொன்னாலும் அடுத்தவர் அதோடு விட்டுவிடுவது ஏழு மாதப் பழக்கம். மாப்பிள்ளை விட்டுவிட்டான்.

கடை திறந்தார்கள். பின்னறையில் பொறிக்கும் இயந்திரம் இருக்கிறது. ஓடும்போது கொய்யென்று ஒரே சத்தம் போடும், அதனால் அதற்கு வண்டு என்று பெயர். வண்டு ஓடும்போது மாமா காதுக்கு மூடி போட்டுக்கொள்வார். கதவைத் தட்டினாலும் கேட்காது, போன் அடித்தாலும் கேட்காது.

இந்தத் தொல்லைக்கு ஒரு வழி கண்டுபிடித்தவள் பெரியவள். கடைக்கு இருப்பது ஒரே மெயில் முகவரி. எல்லார் போனிலும் அது உண்டு. ஆர்டர் வருவது அதில்தான். அவள் அந்த முகவரியிலிருந்து அதே முகவரிக்கு எழுத ஆரம்பித்தாள். கடை கடைக்கே எழுதிக்கொள்ளும். யாருக்கு என்பது தலைப்பில் இருக்கும். 'அப்பாவுக்கு: கண்ணாடி பிரிட்ஜ் மேல.' 'குட்டிக்கு: என் சுடிதாரை எப்போ தருவே?' 'அவருக்கு: சாப்பிட மேலே வாங்க, மூணாவது தடவை.' மாமாவின் பையில் போன் அதிரும், எடுத்துப் பார்ப்பார், வண்டை நிறுத்துவார். பள்ளிக்கூடங்களும் சங்கங்களும் அனுப்பும் பெயர்ப் பட்டியலுக்கு நடுவே இந்த வீட்டுப் பேச்சு முழுக்க அந்தப் பெட்டியில் கிடந்தது.

இன்று மாமா வண்டை ஓடவிடவில்லை. காது மூடியை மடியில் வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். நேற்று பாதி பொறித்த தகடு பிடியில் அப்படியே இருந்தது. அதில் 'முதலிட' வரை வந்திருந்தது.

மாப்பிள்ளை முன்பக்கம் கண்ணாடி அலமாரியைத் துடைத்தான். கீழ்த் தட்டில் சின்னக் கோப்பைகள், நடுவில் பெரியவை. மேல் தட்டில் ஒரே ஒரு கேடயம், சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்கிறது. அதைத் திருப்பி வைத்தவர் மாமா. அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. மாமாவின் தங்கை வீட்டுக்காரர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற விழாவுக்காகச் செய்தது அது. வேறு ஆர்டர் நெருக்கடியில் மாமா கடைசி வரை இழுத்து, எடுத்துக்கொண்டு போவதற்குள் விழாவே முடிந்துவிட்டது. மனிதர் மேடையிலிருந்து வெறுங்கையோடு இறங்கினார். 'ஊருக்கெல்லாம் கேடயம் செய்யிற அண்ணன்' என்று நாலு பேர் சிரித்தார்கள். அன்றோடு தங்கை பேச்சை நிறுத்தினாள். பெரியவளின் காரியத்துக்குக்கூட வந்து வாசலோடு நின்று அழுதுவிட்டுப் போய்விட்டாள். அண்ணன் முகத்தைப் பார்க்கவில்லை.

மாப்பிள்ளை அந்தக் கேடயத்தைச் சுற்றி மட்டும் துடைத்தான்.

அவனுக்கு இன்று மனது கொஞ்சம் லேசாக இருந்தது. காரணம் நேற்று மாலை செய்த வேலை. ஒரு பள்ளிக்கூடத்து ஆபீஸ் அம்மா போன் செய்து, "உங்களுக்கு அனுப்பினா திரும்பி வந்துடுதுங்க, பெட்டி நிறைஞ்சிருக்குன்னு வருது," என்றார். அவன் கடைக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தான். அது பெரியவள் போன பிறகு வாங்கியது. வந்த அன்றே மெயில் புரோகிராமைப் போட்டு எல்லாவற்றையும் இறக்கியிருந்தான். அமைப்புகளைத் திறந்து ஒவ்வொன்றாகப் பார்த்தான். 'சர்வரில் ஒரு பிரதியை வைத்திரு' என்று ஒரு கட்டம், அதில் டிக். இதுதான் அடைக்கிறது என்று புரிந்தது. எல்லாம்தான் இங்கே வந்துவிட்டதே, அங்கே எதற்கு இன்னொன்று? டிக்கை எடுத்தான். அடுத்த முறை மெயில் இறங்கியபோது சர்வர் துடைத்ததுபோல் காலியானது. பள்ளிக்கூடத்து மெயில் உடனே வந்து விழுந்தது.

பல மாதங்களுக்குப் பிறகு ஒரு வேலையை ஆரம்பித்து முடித்த திருப்தி. யாரிடமும் சொல்லவில்லை. சொல்வதற்கு ஆள் இருந்தபோது சொல்லியிருப்பான்.

மத்தியானம் குட்டி சாப்பாட்டுப் பாத்திரத்தோடு வந்தாள். குனிந்து நுழைந்து, பின்னறையை எட்டிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினாள்.

"என்ன அத்தான், சும்மா உட்கார்ந்திருக்கார்?"

"காலையிலேருந்து அப்படித்தான்."

"வெளியே போகலையா?"

"இல்ல."

"ஒண்ணுமே வாங்கலையா? வெண்ணெய்கூட?"

"இல்ல."

"போச்சு," என்றாள் குட்டி. "அடுத்த கட்டத்துக்குப் போயிட்டார்."

மூவரும் பின்னறை மேஜையில் சாப்பிட உட்கார்ந்தார்கள். மாமா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். வாய்க்குப் போகவில்லை.

"மாப்பிள்ளை, கடை மெயில்ல பழசெல்லாம் காணோமே."

"ஆமா மாமா. பெட்டி நிறைஞ்சு போச்சு. புதுசு எதுவும் உள்ளே வரல. நான்தான் நேத்து சாயங்காலம் காலி பண்ணினேன்." சொல்லும்போது குரலில் துளி பெருமைகூட எட்டிப் பார்த்தது.

"காலி பண்ணினீங்களா?"

"ஆமா."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்தான்."

மாமா மெதுவாகத் தலையாட்டினார். கையைத் தட்டின் ஓரத்தில் வழித்தார்.

"நல்லது. சின்ன வயசு. எத்தனை நாளைக்குத்தான் வெச்சுக்கிட்டு இருக்கிறது. நான் தப்பா நினைக்கல."

மாப்பிள்ளைக்கு ஒன்றும் விளங்கவில்லை. மாமா குட்டியின் பக்கம் திரும்பினார்.

"குட்டி, உன் வீட்டுல கொஞ்ச நாள் வந்து இருக்கட்டுமா? உன் வீட்டுக்காரர் ஒண்ணும் சொல்ல மாட்டாரே?"

"அப்பா! என்ன பேச்சு இது?"

"சும்மா. ஒரு மாறுதலுக்கு."

குட்டி அப்பாவைப் பார்த்தாள், அத்தானைப் பார்த்தாள். அவளுக்குத்தான் முதலில் உறைத்தது.

"அப்பா, அக்கா எழுதினதைச் சொல்றீங்களா?"

மாமா தம்ளரை எடுத்தார். தண்ணீர் குடித்தார்.

மாப்பிள்ளைக்குக் காது சூடானது. பெரியவள் எழுதியதைத் துடைத்தெறிந்துவிட்டான் என்று இந்த மனிதர் காலையிலிருந்து நினைத்துக்கொண்டிருக்கிறார். நினைத்துக்கொண்டே அவனுக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறார். தப்பா நினைக்கல என்று வேறு சொல்கிறார். அப்படி இல்லை மாமா என்று பத்து வாக்கியம் சொல்ல வேண்டும். வாயில் வந்தது ஒன்றுதான்.

"இருக்கு மாமா."

"எது?"

"எல்லாம். அந்தக் கம்ப்யூட்டர்ல. நான் அழிக்கல."

"என் போன்ல இல்லையே."

"போன் சர்வர்ல இருக்கிறதைத்தான் காட்டும். அங்கே எடுத்துட்டேன். ஆனா இங்கே இறங்கியிருக்கு. பத்திரமா."

"நல்லா இருக்கு அத்தான்," என்றாள் குட்டி. "தெருவுக்கே தண்ணி தர்ற தொட்டியைக் கவிழ்த்து உங்க குடத்துல ஊத்திக்கிட்டீங்க. இப்போ எங்களைப் பார்த்து, தண்ணி பத்திரமா இருக்குங்கிறீங்க."

அவ்வளவு சரியாக அவனே சொல்லியிருக்க முடியாது.

கை கழுவிக்கொண்டு மூன்று பேரும் கம்ப்யூட்டர் முன்னால் கூடினார்கள். ஒரு நாற்காலி, ஒரு ஸ்டூல், குட்டி நின்றாள். மாப்பிள்ளை மெயில்களை அனுப்புநர் வாரியாக அடுக்கினான். கடை கடைக்கு எழுதியதெல்லாம் ஒன்றாக ஒதுங்கி வந்து நின்றது. எல்லாம் தடித்த எழுத்தில். திறக்காதவை தடித்துத்தான் தெரியும். இந்தக் கம்ப்யூட்டரில் இவற்றை ஒருவரும் திறக்கவில்லை என்று அர்த்தம். ஒருவரும் என்றால், அவன். ஆர்டரை மட்டும் பார்த்து, இவற்றைத் தாண்டித் தாண்டி இத்தனை மாதம் போயிருக்கிறான்.

மாமா முகத்தைத் திரைக்கு அருகில் கொண்டுபோனார். மூச்சு விட்டார்.

"இருக்கு," என்றார்.

"சொன்னேனே மாமா."

"சொன்னீங்க. பார்க்கணும் இல்ல."

குட்டி தேதியைப் பார்த்துக்கொண்டே வந்தாள். போன வருஷம், இதே மாதம். சத்தமாகப் படித்தாள்.

"'அப்பாவுக்கு: வெண்ணெய் ஒரு பாக்கெட்.' இது அக்கா கேக் பழகின மாசம் இல்ல?"

"கேடயத்துக்கு அடிக்கட்டையா வெச்சிருக்கலாம்," என்றார் மாமா. "அவ்வளவு கெட்டி."

"'அப்பாவுக்கு: மாடிப்படி பல்பு போயிடுச்சு.' 'அப்பாவுக்கு: குடைக்குக் கம்பி.' 'அப்பாவுக்கு: மறுபடி வெண்ணெய், திட்டாதீங்க.' 'அப்பாவுக்கு: தொட்டி கழுவ ஆள்...'"

நிறுத்திவிட்டாள்.

மாப்பிள்ளையும் அதே நேரத்தில்தான் பார்த்தான். பல்பு மாற்றியது போன செவ்வாய். இங்கே அதே தேதி, ஒரு வருஷம் முன்னால். குடையும் அப்படி. தொட்டியும் அப்படி. ஐந்து வெண்ணெய்க்கும் ஐந்து வரி இருந்தது.

"அப்பா," என்றாள் குட்டி. அவள் குரல் மாறியிருந்தது. "போன வருஷத் தேதியைப் பார்த்துப் பார்த்தா இதெல்லாம் செய்யிறீங்க?"

மாமா காது மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"காலையில எழுந்தா என்ன செய்யிறதுன்னு தெரியல. போனைத் திறந்தா ஒண்ணு சொல்லியிருப்பா. போயிச் செஞ்சுட்டு வந்தா அன்னைக்குப் பொழுது ஒழுங்கா ஓடும். யாருக்கு என்ன நஷ்டம்?"

"வெண்ணெய்!"

"நீ ரெண்டு எடுத்துட்டுப் போ."

குட்டி சிரிக்கவும் முடியாமல் அழவும் முடியாமல் மூக்கை உறிஞ்சினாள். பிறகு நெற்றியில் தட்டிக்கொண்டாள். "ஐயோ, டாக்டர்."

"டாக்டர் எதுக்கு? செக்கப்புன்னு சொன்னியே?"

"அது வந்து... மறதிக்கு."

"யாருக்கு?"

"உங்களுக்கு."

மாமா ஸ்டூலிலிருந்து எழுந்தே விட்டார். "எனக்கா? எனக்கு மறதியா? ஒரு வருஷத்துக்கு முன்னாடி சொன்னதை நாள் தவறாம செஞ்சுட்டு வர்றேன். எனக்கு மறதியா?"

"மன்னிச்சுக்கோங்கப்பா. தெரியாம..."

"உன் அக்கா சுடிதாரைத் திருப்பிக் கொடுத்தியா நீ? யாருக்கு மறதி?"

குட்டி வெளியே போய் டாக்டர் நேரத்தை ரத்து செய்துவிட்டு வந்தாள்.

இப்போது வேலை மாப்பிள்ளையுடையது. இறக்கியதைத் திரும்ப ஏற்ற வேண்டும். ஏற்றினால் பெட்டி மறுபடி நிறைந்துவிடுமே என்று முதலில் பயந்தான். அளவு வாரியாக அடுக்கிப் பார்த்தான். இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது யார் என்று அப்போதுதான் தெரிந்தது. ஒரு விளையாட்டுச் சங்கம் பழைய கோப்பை ஒன்றை நாலு பக்கமும் படம் பிடித்து அனுப்பியிருந்தது. அதன் கைப்பிடிக் காதை மட்டும் தனியாக, கிட்டத்திலிருந்து. அந்த ஒரு காதுப் படத்தின் எடைகூட இல்லை, பெரியவள் எழுதியது அத்தனையும் சேர்ந்து.

அவன் கொஞ்ச நேரம் அந்த எண்ணையே பார்த்தான். இத்தனை நாள் அதைத்தான் பாரம் என்று நினைத்துத் திறக்காமல் இருந்தான்.

படங்கள் இங்கேயே கிடக்கட்டும். வார்த்தைகள் போகட்டும்.

அதே முகவரியைப் புரோகிராமில் இரண்டாவது முறை சேர்த்தான். இம்முறை மெயிலை எடுத்துக்கொண்டு வந்துவிடும் வழியில் அல்ல, சர்வரிலேயே வைத்துப் பார்க்கும் வழியில். இங்கிருந்து அங்கே ஒரு நகல் போட்டால் எல்லார் போனிலும் தெரிய வேண்டும். வேண்டும் என்பதுதான். அவன் இதற்கு முன் செய்ததில்லை.

"ஒண்ணை மட்டும் அனுப்பிப் பார்க்கலாம்," என்றான். "கெட்டுப்போனாலும் பரவாயில்லங்கிற மாதிரி ஒண்ணு."

"அப்பாவுக்குன்னு இருக்கிறதைத் தொடாதீங்க," என்றார் மாமா உடனே.

"குட்டிக்குன்னு இருக்கிறதையும்," என்றாள் குட்டி.

மிச்சம் அவனுடையவைதான். 'அவருக்கு:' என்று தொடங்கியதில் கைக்கு வந்த ஒன்றை, படிக்காமலே, பிடித்து இழுத்து மேலே விட்டான்.

ஒன்றும் நடக்கவில்லை. திரையில் ஒரு வட்டம் சுற்றியது. குட்டி நகத்தைக் கடித்தாள். முன்பக்கம் ஒருவர் வந்து பதக்கம் விலை கேட்டார். யாரும் நகரவில்லை. "ஒரு நிமிஷம் சார்," என்று மூன்று பேரும் ஒன்றாகச் சொன்னார்கள்.

மாமாவின் சட்டைப் பையில் டிங் என்றது.

மாமா எடுத்தார், கண்ணாடியை ஏற்றிக்கொண்டார், படித்தார். பிறகு மாப்பிள்ளையை மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

"மாப்பிள்ளை, இது உங்களுக்கு வந்திருக்கு."

"என்ன மாமா?"

"'அவருக்கு: அந்த நீலச் சட்டையை இனிமே போடாதீங்க. காலர் கிழிஞ்சிருக்கு. கெஞ்சிக் கேட்கிறேன்.'"

மாப்பிள்ளை குனிந்து பார்த்தான். நீலச் சட்டைதான். கை தானாகக் காலருக்குப் போனது. கிழிசலில் விரல் நுழைந்தது.

முதலில் குட்டிதான் சிரித்தாள். பிறகு மாமா. மாப்பிள்ளையின் நெஞ்சுக்குள்ளிருந்து ஏதோ ஒரு சத்தம் வந்தது. இருமல் என்று நினைத்தான். சிரிப்பு. பழகாததால் அடையாளம் தெரியவில்லை. அது நிற்க நேரமானது. கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"மொத்தமா விடுங்க அத்தான்," என்றாள் குட்டி.

மொத்தமாக விட்டான்.

டிங். டிங். டிங் டிங். மாமாவின் பை துள்ளியது. குட்டியின் கைப்பைக்குள்ளும் ஆரம்பித்தது. பதக்கம் கேட்டு வந்தவர் எட்டிப் பார்த்து, "சார், ஏதாவது அலாரமா?" என்றார்.

"இல்லங்க, பெரிய பொண்ணு," என்றார் மாமா. "கூப்பிட்டா நிறுத்த மாட்டா. நீங்க எத்தனை பதக்கம்னு சொல்லுங்க."

"சத்தத்தைக் குறைக்கட்டுமா மாமா?"

"இருக்கட்டும்."

பட்டியல் மேலே ஏறுவதை மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தான். தேதிகள் ஓடின. எந்தத் தேதியோடு அது நிற்கும் என்று அவனுக்குத் தெரியும். மாமா நாள் தவறாமல் போனால் அதற்கு இன்னும் சில மாதம் இருக்கிறது. அந்தத் தேதிவரை அவன் இறங்கிப் பார்க்கவில்லை. அமைப்புகளைத் திறந்து, 'சர்வரில் ஒரு பிரதியை வைத்திரு' என்ற கட்டத்தில் டிக்கைத் திரும்பப் போட்டான். கோப்பைப் படங்களை வாரா வாரம் தானே கையால் சர்வரிலிருந்து எடுத்துவிடுவது என்று முடிவு செய்தான். அதற்கு அரைமணி ஆகும். அரைமணி அவனிடம் நிறையவே இருந்தது.

மாமா போனில் இன்றைய தேதியைத் தேடிப் பிடித்தார்.

"'அப்பாவுக்கு: முடி வெட்டிக்கோங்க. வண்டு மாதிரியே இருக்கீங்க.'"

தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். "நியாயம்தான்," என்றார். செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அவர் போனபிறகு குட்டி பாத்திரங்களை அடுக்கினாள்.

"அத்தான், அவர் உங்களை அப்படி நினைச்சதுக்கு..."

"விடு. நானும்தானே அவருக்கு மறதின்னு நினைச்சேன்."

"நான்தான் சொன்னேன்."

"நான் இல்லன்னு சொல்லலையே."

குட்டி இரண்டு பாக்கெட் வெண்ணெயை எடுத்துப் பையில் போட்டாள். கொஞ்சம் யோசித்து மூன்றாவதையும். "சாயங்காலம் கேக் செஞ்சு எடுத்துட்டு வர்றேன். அக்கா செஞ்சதைவிட மோசமா வராது."

மோசமாகத்தான் வந்தது. அதைப் பிறகு மூன்று பேரும் கத்தியால் அறுத்துச் சாப்பிட்டார்கள், பாராட்டாமல், மிச்சம் வைக்காமல்.

மாலையில் மாமா வண்டை ஓடவிட்டார். 'முதலிட'த்துக்குப் பிறகு வர வேண்டிய எழுத்து ஒருவழியாக வந்தது. வெட்டிய முடியில் காது இரண்டும் பளிச்சென்று தெரிந்தன, மூடிக்குள் சரியாக உட்கார்ந்தன.

கடை சாத்தும் நேரம். மாமா முன்பக்கம் வந்து அலமாரியின் எதிரே நின்றார். நெடுநேரம் நின்றார்.

"மாப்பிள்ளை, நான் ஒரு கட்டுப்பாடு வெச்சிருக்கேன். மறுநாளைக்கு உள்ளதை முன்னாடியே பார்க்கிறதில்ல."

"சரி மாமா."

"ஆனா மத்தியானம் சடசடன்னு வந்து விழுந்ததா, நாளைக்கு உள்ளதோட தலைப்பு கண்ணுல பட்டுடுச்சு."

அவன் காத்திருந்தான்.

"'அப்பாவுக்கு: அத்தை வீட்டுக்கு நீங்களே நேர்ல போங்க.'" மாமா கண்ணாடியைக் கழற்றினார். "போன வருஷம் இதைப் பார்க்காத மாதிரி இருந்துட்டேன். வண்டு சத்தத்துல போன் அதிர்ந்தது தெரியலன்னு சொன்னேன். அவ நம்பல. ஆனா விட்டுட்டா."

மாப்பிள்ளை ஒன்றும் சொல்லவில்லை. இந்த முறை அது பழக்கத்தினால் அல்ல.

"கதவைத் திறப்பாளோ மாட்டாளோ," என்றார் மாமா. "என் தங்கச்சி என்னைவிடப் பிடிவாதம். அவ வீட்டுக்காரர் பேசுவார். அவ பேச மாட்டா."

ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினார். மேல் தட்டுக் கேடயத்தை இறக்கினார். திருப்பினார். பின்பக்கத்தில் தூசு, முன்பக்கத்தில் மங்கல். வேட்டி நுனியால் துடைக்கப் போனவர் நிறுத்தி, பாலிஷ் துணியைத் தேடி எடுத்தார். பெயர், பதவி, வருஷம் எல்லாம் அழகாகவே பொறித்திருந்தது. வேலையில் குறையில்லை. நேரம்தான் தப்பு. துடைத்து, காகிதம் சுற்றி, மாடிப்படியடியில் தன் செருப்புக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தார். மேலே போய்விட்டார்.

மாப்பிள்ளை கம்ப்யூட்டரை அணைக்கப் போனான். கை நின்றது. உட்கார்ந்தான். கடை முகவரியிலிருந்து கடை முகவரிக்கு, முதல் முறையாக, அவன் எழுதினான்.

'மாமாவுக்கு: காலையில பத்து மணிக்குக் கிளம்பலாம். வண்டியை நான் ஓட்டுறேன்.'

மேலே டிங் என்றது. நாற்காலி நகர்ந்தது. மாமா படிக்க எடுத்துக்கொள்ளும் நேரம் எவ்வளவு என்று அவனுக்குத் தெரியும். அதற்குமேல் ஆனது. எழுதுகிறார் போலிருக்கிறது. ஒற்றை விரலால் எழுதுபவர்.

திரையில் ஒரு வரி வந்து விழுந்தது. புதியது, தடித்த எழுத்தில். இம்முறை உடனே திறந்தான்.

'மாப்பிள்ளைக்கு: சரி. அந்த நீலச் சட்டை வேண்டாம்.'